அண்டா அடிப்பிடிப்பது அவருக்குத் தெரியவில்லை: தலைக்காயத்துக்குப் பின் மாறிப்போன கணவர்

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 42. கல்யாணச் சமையல் மாஸ்டர். ஐந்நூறு இலை, ஆயிரம் இலை என்று பந்தி போட்டவர். பதினாறு மாதங்களுக்கு முன்பு, ஒரு முகூர்த்தச் சமையலை முடித்துவிட்டு இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது கார் மோதியது. ஹெல்மெட் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் நினைவில்லை. வலது தொடை எலும்பு முறிவு. மூன்று மாதத்தில் எழுந்து நடமாடிவிட்டார். “கண் முன்னால் உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஒருவர்” என்று அந்தப் பெண் எழுதுகிறார்.

பதினைந்து வருடத்துக்கு முன் எந்த வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாயசம் போட்டார் என்பதை இன்றும் சொல்கிறார். ஆனால் ஒரு மளிகைச் சிட்டை எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். சொல்லாவிட்டால் குளிப்பதில்லை. சமையல் பேச வந்த பெண் வீட்டார் முன்னால் வாயில் வரக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டார்; கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். யாரோ கேட்டார் என்று நாற்பதாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். சொந்த அக்கா இறந்தபோது கண்ணில் நீர் வரவில்லை, “சாப்பாடு எப்போது?” என்று கேட்டார். பதினான்கு வருடத் திருமண வாழ்வில் கை ஓங்கியதே இல்லாதவர், போன மாதம் பதினொரு வயது மகளைக் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

மாமியார், செய்வினை என்கிறார். நாற்பத்தெட்டு நாள் ஒரு கோயிலில் விட்டுவைக்கலாம் என்கிறார். கொழுந்தனார், “நடிக்கிறார். டாக்டரிடம் மட்டும் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், பாருங்கள்” என்கிறார். ஸ்கேனில் காயம் ஆறிவிட்டது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ் தரப்பு, கால் முறிவுக்கு ஒரு தொகையைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளப் பேசுகிறது. இவற்றுக்கு நடுவில் அந்தப் பெண் கேட்கும் கேள்விகள்: வேண்டுமென்றே செய்கிறாரா? மூளையின் எந்தப் பகுதி கெட்டது? கோபத்தை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை இருப்பதாக வீடியோவில் பார்த்தேன், அதைச் செய்யலாமா? மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால் அது பாவமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “ரசத்தில் வாசனையே இல்லை என்கிறார்; கூட்டு அடிப்பிடித்து வீடு முழுக்கப் புகை, அடுப்பருகில் நின்றவருக்குத் தெரியவில்லை.” அதை அலட்சியம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவராக நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். உங்கள் கேள்விகள் பலவற்றுக்கு அதிலிருந்தே விடை தொடங்குகிறது.

நம் மண்டையோட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இருப்பதில்லை. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே உள்ள எலும்பு மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பாக இருக்கும். ஓடுகிற வண்டி சட்டென நிற்கும்போதோ தலை தரையில் மோதும்போதோ, மூளை உள்ளே முன்னோக்கிச் சறுக்கி அந்த எலும்பின் மேல் உரசுகிறது. எனவே தலையின் எந்தப் பக்கத்தில் அடிபட்டாலும், இருசக்கர வாகன விபத்துகளில் அடிக்கடி கன்றிப்போவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டுக்குப் பின்னாலுள்ள மடலின் நுனியும்தான். மூக்கிலிருந்து மூளைக்கு வாசனையைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பு இழைகள் அதே இடத்தில், சல்லடை போன்ற ஒரு சிறு எலும்பின் துளைகள் வழியே மேலே ஏறுகின்றன. மூளை சறுக்கும்போது அவை அறுந்துவிடலாம். நீங்கள் நகல் எடுத்து அனுப்பிய முதல் நாள் ஸ்கேன் அறிக்கையில் “இரு பக்க முன்மடல் அடிப்பகுதியில் ரத்தக் கன்றல்” என்றே இருக்கிறது. வாசனை போனதும் குணம் மாறியதும் ஒரே காயத்தின் இரண்டு அடையாளங்கள்.

எதற்கும் முன்னால் ஒன்று: சமையல் கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. எரிவாயுவில் நமக்கு எச்சரிக்கையாகச் சேர்க்கப்படும் அந்தக் கெட்ட வாடை அவர் மூக்குக்கு எட்டாது. கேஸ் கசிவைக் காட்டி ஒலி எழுப்பும் கருவி ஒன்றை இந்த வாரமே வாங்கி மாட்டுங்கள். அவர் தனியாக இருக்கும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். கசிவு என்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

எந்தப் பகுதி, என்ன வேலை

மூளையின் பின்புறம் பார்வை, பொட்டுப் பக்கம் கேட்பதும் புரிந்துகொள்வதும், உச்சியில் தொடுவுணர்வும் இடவுணர்வும், கீழே சிறுமூளையில் உடல் நிதானம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது ஓரளவுக்குச் சரி. பழைய கல்யாணங்கள் அவருக்கு நினைவிருப்பதற்குக் காரணம், நினைவைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதே. அடிபட்ட முன்மடல் பழைய நினைவுகளின் களஞ்சியம் கிடையாது. இருப்பதை எடுத்து, எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று நடத்துகிற இடம் அது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி அவர் தொழிலை வைத்தே சொல்கிறேன். சாம்பார் வைப்பது ஒரு வேலை, அது கைப்பழக்கம். ஐந்நூறு பேர் கல்யாணம் வேறு வேலை. எத்தனை படி அரிசி, எந்த அடுப்பில் எது, காய் எப்போது நறுக்கி முடிய வேண்டும், முதல் பந்தி உட்காரும்போது எது சூடாக இருக்க வேண்டும், உதவியாள் ஒருவன் வராவிட்டால் யாரை எங்கே மாற்றுவது என்று பத்து விஷயத்தை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும். முன்மடலின் வெளிப்பக்கம் பார்க்கும் வேலை இது. வீட்டில் அருமையாகச் சாம்பார் வைக்கிறவர் ஏன் மளிகைச் சிட்டையைப் பாதியில் போட்டுவிட்டு எழுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் காரணம்.

முன்மடலின் அடிப்பகுதி வேறொன்றைச் செய்கிறது. வாய்க்குள் வந்த சொல்லை வாய்க்குள்ளேயே நிறுத்துவது, எதிரே நிற்பவர் முகம் மாறுவதைப் பார்த்து நாம் மாறுவது, இந்தப் பணம் போனால் நாளை என்ன ஆகும் என்ற சிறு பயம் வயிற்றில் எழுவது எல்லாம் அதைச் சார்ந்தவை. பெண் வீட்டார் முன்னால் அவர் சொன்ன வார்த்தையும், யாரோ ஒருவருக்குக் கொடுத்த நாற்பதாயிரமும் இந்த இடத்தின் காயத்தோடு பொருந்துகின்றன. இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் உள்பக்கத்தில், ஒரு செயலைத் தொடங்கவைக்கும் உந்துதல் இருக்கிறது. குளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குளிக்கத் தெரியும். எழுந்து போவதுதான் நடக்கவில்லை. வண்டியில் பெட்ரோல் இருந்தும் கிக்கர் பிடிக்காத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டித் திட்டி நீங்கள்தான் களைத்துப்போவீர்கள்.

அக்கா இறந்தபோது அவர் அழாததை எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருந்தது. துக்கம் தெரிவதும், அந்தத் துக்கம் நெஞ்சை அடைத்துக் கண்ணீராக வருவதும் ஒன்றல்ல. முன்மடல் அடிபட்டவர்கள் பலர் “அக்கா போய்விட்டாள், வருத்தமான விஷயம்” என்று சரியாகச் சொல்வார்கள். அந்த வருத்தம் உடம்பில் ஏறாது. அவர் அக்காவை நேசிக்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

இங்கே உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதாக நீங்கள் எழுதிய ‘இடது மூளை அறிவு, வலது மூளை உணர்ச்சி’ என்ற கணக்கைத் திருத்த வேண்டும். பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல், பேச்சு போன ஒரு நோயாளியின் மூளையில் இடது முன்மடலில் சேதம் இருப்பதைக் கண்டார். நூறு ஆண்டுகள் கழித்து ரோஜர் ஸ்பெர்ரி, இரண்டு அரைக்கோளங்களின் இணைப்பு வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்து 1981-இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலானோருக்குப் பேச்சு இடப்பக்கத்தில் என்பது உண்மை. மற்றபடி, சிந்தனைக்கு ஒரு பாதி, பாசத்துக்கு ஒரு பாதி என்று மூளை பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. வலது மூளையைத் தூண்டும் பயிற்சிக்குப் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள் என்றீர்களே, அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்கேனில் காயம் ஆறிவிட்டது என்றார்களே

ஆறிவிட்டது என்றால் ரத்தம் கரைந்துவிட்டது, வீக்கம் வடிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தம். கன்றிய இடம் பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. மேலும், மூளை உள்ளே திருகும்போது பகுதிகளை இணைக்கும் நுண்ணிய இழைகள் அறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சி.டி. ஸ்கேனில் தெரியா. இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்கள் அவர்கள் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது, குணம் மாறலாம் என்று உங்களை உட்காரவைத்து யாராவது பத்து நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் பதினாறு மாதம் நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நடிக்கிறாரா?

கொழுந்தனார் கவனித்தது பொய்யில்லை. டாக்டரிடம் அவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் மருத்துவர் அறை எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். அமைதியான அறை, பத்து நிமிடம், ஒருவர் கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பதை எதிரில் இருப்பவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதாவது, அவருக்கு இல்லாமல் போன முன்மடலின் வேலையை அந்த நேரத்துக்கு டாக்டர் பார்க்கிறார். இரவு எட்டு மணிக்கு வீட்டில் தொலைக்காட்சி, மகளின் பாடம், அம்மாவின் புலம்பல், பகல் முழுதும் சேர்ந்த களைப்பு எல்லாம் ஒன்றாக வரும்போது அவரால் முடிவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளியே வந்து ஒரு நாளைச் சரியாக நடத்தத் தெரியாமல் திணறுவது முன்மடல் காயத்தில் நாங்கள் மிகவும் பழகிய காட்சி.

நடிப்பதற்கும் முன்யோசனை வேண்டும். யாரிடம் எப்போது எப்படி நடந்துகொண்டால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டும். அவரிடம் அடிபட்டிருப்பதே அந்தக் கணக்கு.

இதைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். அவரிடம் எந்தக் கட்டுப்பாடும் மிச்சமில்லை என்பதும் சரியல்ல. கத்தினால் பணம் கிடைக்கிறது, கத்தினால் எல்லோரும் ஒதுங்கிப்போகிறார்கள் என்று இரண்டு மாதம் நடந்தால், அந்தக் கத்தல் பழக்கமாகிவிடும். காயம் தொடங்கிவைத்ததைப் பழக்கம் வளர்த்துவிடும். காயத்தை மன்னியுங்கள், பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கத்தும்போது கேட்டதைக் கொடுக்க வேண்டாம், அந்த நேரத்தில் வாதாடவும் வேண்டாம். “அரைமணி நேரம் கழித்துப் பேசலாம்” என்று ஒரே வாக்கியத்தைத் தினமும் அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள்.

மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன்

வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசெட்டம் என்ற மாத்திரையைக் காலையும் இரவும் கொடுக்கிறீர்கள். நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையின் அளவைக் கூட்டிய மாதமும் மகளை அறைந்த மாதமும் ஒன்றாக இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. நரம்பியல் மருத்துவரிடம் போய், “இந்த மாத்திரையால் கோபம் கூடியிருக்குமா, மாற்று மருந்து கொடுக்க முடியுமா?” என்று நேரடியாகக் கேளுங்கள்.

தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவதும் மிகச் சாதாரணம். தூக்கம் கெட்டிருப்பதும் அப்படியே. இரண்டுக்கும் மருந்து உண்டு. இரண்டும் குறைந்தால் கோபமும் குறைய வழியுண்டு. இடையில் இரண்டு முறை குடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அடிபட்ட மூளைக்கு மது இரட்டைத் தீங்கு: வலிப்பை வரவழைக்கும், மிச்சமிருக்கும் பிரேக்கையும் பிடுங்கிவிடும். நரம்பியல் மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டிச் சாவியும் அவர் கையில் வேண்டாம்.

கோபத்தை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை

நீங்கள் வீடியோவில் பார்த்தது முழுக் கற்பனை இல்லை. மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. பயமும் ஆபத்துணர்வும் அதைச் சுற்றி இயங்குகின்றன. 1960களிலும் 70களிலும் சென்னையிலேயே டாக்டர் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோரின் குழு, மருந்துக்குக் கட்டுப்படாத கடும் ஆவேசம் கொண்டவர்களுக்கு அமிக்டலாவில் ஊசிமுனை அளவு அறுவை செய்து உலக மருத்துவ இதழ்களில் எழுதியது. அதற்கும் முன்னால் 1935-இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ், மனநோயாளிகளின் முன்மடல் இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். 1949-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பின்னாளில், அடங்கிப்போன பல நோயாளிகளிடம் முனைப்பும் பாசமும் சேர்ந்தே அடங்கிப்போனது தெரிந்து, உலகம் அதைக் கைவிட்டது.

உங்கள் கணவருக்கு இது பொருந்தாது. அவர் கோபத்துக்குக் காரணம் அமிக்டலா பெருத்துப்போனதல்ல. அதை அடக்கிவைக்கும் முன்மடல் தளர்ந்தது. காயம்பட்ட மூளையில் இன்னொரு காயத்தை உண்டாக்க எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் முன்வரமாட்டார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய நோயாளியின் முழுச் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் போதாது.

கோயில் விஷயத்தில் மாமியாரோடு சண்டை போடாதீர்கள். பெற்ற மனம், அவருக்கும் ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது. கூட்டிப்போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டும். ஆனால் அங்கே விட்டுவிட்டு வருவதற்கும், மாத்திரையை நிறுத்துவதற்கும், கட்டிவைப்பதற்கும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் கருகினார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியிடுவது சட்டப்படியே தடை.

அப்படியானால் வழி என்ன?

பினியஸ் கேஜ் என்ற அமெரிக்கத் தொழிலாளியின் கதை மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். 1848 செப்டம்பர் 13, வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும்போது வெடிமருந்து வெடித்து, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக்கோல் அவர் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்துக்கொண்டார். நிதானமான, நம்பகமான மேஸ்திரியாக இருந்தவர் வாய்த்துடுக்கும் நிலையில்லாத புத்தியுமாக மாறினார். “அவன் இப்போது கேஜ் இல்லை” என்று நண்பர்கள் சொன்னதாக அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஹார்லோ 1868-இல் எழுதினார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே கதையை முடித்துவிடுகின்றன.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதற்குப் பின்னால் நடந்ததை. கேஜ் 1852-இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே ஆறு குதிரை பூட்டிய பயணிகள் வண்டியை ஏறக்குறைய ஏழு வருடம் ஓட்டினார். தினமும் அதே நேரத்தில் எழுந்து, குதிரைகளைத் தயார்செய்து, அதே பாதையில், அதே நிறுத்தங்களில் ஓட்டுகிற வேலை. வேலையின் ஒழுங்கே அவருக்கு உள்ளே தொலைந்த ஒழுங்கைத் திருப்பிக் கொடுத்திருக்கும் என்று கேஜின் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மக்மில்லன் கருதுகிறார். என் அனுபவத்திலும் அப்படித்தான். உள்ளே அறுந்த கடிவாளத்தை வெளியே, நாளின் அமைப்பில் கட்டிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அது எப்படி இருக்கும்? அவரை மறுபடி மாஸ்டராக்கிப் பார்க்க அவசரப்படாதீர்கள். ஒரு பழைய சகாவின் சமையல் கட்டில், ஒரே ஒரு பண்டத்துக்குப் பொறுப்பாக, காலை ஆறு முதல் பத்து வரை வேலை கிடைக்குமா என்று பாருங்கள். ருசி பார்த்து முடிவு சொல்வது வேறொருவராக இருக்கட்டும். சமையலறைச் சுவரில் அன்றைய வேலைகளைப் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதி மாட்டுங்கள். முடித்ததை அவரே அடிக்கட்டும். “ஏன் இன்னும் குளிக்கவில்லை?” என்று கேட்பதற்குப் பதிலாக, துண்டைக் கையில் கொடுத்து “வெந்நீர் வைத்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். தொடங்கிவிட்டால் அவர் முடித்துவிடுவார். மாலையில் வீட்டில் சத்தம் குறையட்டும்.

தலைக்காயத்தில் முன்னேற்றம் முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில்தான் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. பழைய மனிதர் முழுமையாகத் திரும்புவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இப்போது இருப்பதைவிட நிதானமான ஒருவரை எதிர்பார்க்கலாம்.

பணமும் வழக்கும்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சியம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சமரசத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். கால் எலும்பு கூடிவிட்டது. உண்மையான இழப்பு அவர் தொழில். முகர முடியாத, ஐந்நூறு பேர் சமையலைத் திட்டமிட முடியாத ஒருவர் சமையல் மாஸ்டராக இருக்க முடியாது. ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல், உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த ஊனம் அவருடைய தொழிலின் வருமானத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றது. அதற்கு உங்களிடம் இரண்டு காகிதங்கள் வேண்டும்: நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றைச் சோதிக்கும் நரம்பு உளவியல் மதிப்பீட்டு அறிக்கை, காது மூக்கு தொண்டை மருத்துவரின் முகர்வுச் சோதனை அறிக்கை. முதலாவது, பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனையில் கிடைக்கும். உங்களுக்கு அருகில் எங்கே செய்கிறார்கள் என்று அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் கேளுங்கள். வழக்குச் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், சட்ட உதவிக்கான தேசிய எண் 15100. நீங்களே மனுதாரராக இல்லாத வழக்கிலும் என்ன செய்யலாம் என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் என்று தனி வகை அதில் இல்லை. ஆகவே பாதிப்பு எந்த வகையில் வருகிறது என்று மருத்துவக் குழு பார்த்து, 40 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பிட்டால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

அவருடைய பணத்தை முழுதும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். அவருக்கும் அதே சட்டத்தில் தன் பணத்தின் மேல் உரிமை இருக்கிறது. அவருடைய முடிவுகளில் உடனிருந்து துணைசெய்ய, வரம்புக்கு உட்பட்ட பாதுகாவலரை நியமிக்கும் வழி அந்தச் சட்டத்தில் உண்டு. அதுவரை, அவர் நிதானமாக இருக்கும் ஒரு காலையில் பேசி, கைச்செலவுக்குச் சிறு தொகையுள்ள ஒரு கணக்கை மட்டும் அவர் கைப்பேசியில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவையுங்கள். காலையில் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

அம்மா வீட்டுக்குப் போவது

பாவம் இல்லை, சகோதரி. ஏன் அடித்தார் என்பதற்கு மூளைக் காயம் காரணமாக இருக்கலாம். அந்தக் காரணத்துக்காக உங்கள் மகள் அடி வாங்க வேண்டியதில்லை. நீங்களும் வாங்க வேண்டியதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிக் கணவரின் மனைவிக்கும் பொருந்தும். வீட்டில் வசிக்கும் உரிமையையும் அது உங்களுக்குத் தருகிறது. உதவி எண் 181. அவர் கை ஓங்கினால் அந்த நிமிடமே மகளோடு எந்த வீட்டுக்குப் போவது, சாவி யாரிடம், கத்தி அரிவாள்மணை எங்கே வைப்பது என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவையுங்கள்.

போவதென்றால் நிரந்தரமாகப் பிரிவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மாத்திரை மாறி ஆறு வாரம் ஆகும்வரை மகள் மட்டும் பாட்டி வீட்டில் இருக்கலாம். வாரத்தில் இரண்டு இரவு நீங்களும் அங்கே தூங்கலாம். அந்த இரண்டு இரவும் கொழுந்தனார் இங்கே தங்கட்டும். நடிக்கிறார் என்று சொல்பவர் இரண்டு இரவு உடனிருந்து பார்ப்பது அவருக்கும் நல்லது. இதையெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், விலகி வாழ நீங்கள் எடுக்கும் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். இரவில் யாரிடமும் பேச முடியாமல் தவிக்கும்போது 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கடைசிப் பக்கத்தில், “இது நம் அப்பாவா, அம்மா?” என்று மகள் கேட்டதாகவும், பதில் தெரியாமல் அடுப்படிக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லலாம். அப்பாவின் நெற்றிக்குப் பின்னால், கோபத்தை நிறுத்துகிற இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அது உன்னால் வந்ததில்லை, நீ நன்றாகப் படித்தாலும் படிக்காவிட்டாலும் அது மாறாது என்று சொல்லுங்கள். அப்பா கத்தத் தொடங்கினால் பதில் பேசாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும், அப்படிப் போவது அப்பாவை விட்டுக்கொடுப்பது ஆகாது என்றும் சொல்லுங்கள். அவர் வீட்டில் இல்லாத ஒரு காலையில், உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லுங்கள். நடுவில் நீங்கள் அழுதுவிட்டால் மீதியை அவர் சொல்லி முடிக்கட்டும்.